பாய்ப்படகில் இரண்டாவது ஆள்

என் அக்கா மகன் இந்த வருடம் கல்லூரிக்குச் சென்னை போகிறான். கிளம்புவதற்குப் பத்து நாள் இருக்கும்போது, கொடைக்கானல் ஏரிக்கரையில் நடந்துகொண்டே கேட்டான்: "சித்தி, அங்க துறைமுகத்துக்குள்ள பாய்ப்படகுப் பந்தயம் நடக்குமாம். படகு வச்சிருக்கிறவங்களுக்குக் கூட ஒரு ஆள் எப்பவும் தேவைப்படுமாம். க்ரூன்னு சொல்றாங்க. நீங்க இங்கிலாந்துல அதுதானே செஞ்சீங்க? கயிறு இழுக்கிற வேலையா?"

கயிறு இழுக்கிற வேலையும் அதில் உண்டு. ஆனால் அது மட்டும்தான் என்று நினைத்துப் போனால் முதல் நாளே சலித்துவிடும், கூட்டிப்போகிறவருக்கும் பயன் இருக்காது. நான் இங்கிலாந்தில் ஆறு வருடம் நர்ஸாக வேலை பார்த்தேன். ஊருக்கு வெளியே ஒரு நீர்த்தேக்கம், அதில் ஒரு படகு கிளப், புதன்கிழமை தோறும் சாயங்காலப் பந்தயம். அங்கே நான்கு கோடைகாலம் இன்னொருவர் படகின் முன்பக்கம் உட்கார்ந்தேன். பந்தயத்தில் ஒருநாளும் சுக்கானைத் தொட்டதில்லை. தொடவில்லையே என்ற குறையும் எனக்கு இல்லை. இரண்டு பேர் படகில் இரண்டாவது ஆள் என்பவர் படகில் பாதி. இதை அவனுக்குப் புரிய வைக்க வேண்டும் என்று தோன்றியது. ஒரு துடுப்புப் படகை வாடகைக்கு எடுத்து ஏரி நடுவே போய்ப் பேசினோம். அன்று சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

இந்த ஏரி இயற்கையானது இல்லை. 1863-இல் மதுரைக் கலெக்டராக இருந்த வெர் ஹென்றி லெவிஞ்ச் ஓடைகளைத் தடுத்துக் கரை கட்டி உண்டாக்கியது. இதில் விட்ட முதல் படகு தூத்துக்குடியிலிருந்து மலையேறி வந்தது என்பார்கள். மலைக்காரர்களான நமக்குப் படகு அன்றைக்கே கடற்கரையிலிருந்து வந்த விஷயம்தான். இப்போது பையன் மலையிலிருந்து கடற்கரைக்குப் படகு தேடிப் போகிறான்.

முதலில் பாய்ப்படகு எப்படி ஓடுகிறது என்று தெரிய வேண்டும். காற்று பின்னாலிருந்து அடித்தால் புரிந்துகொள்ளக் கஷ்டமில்லை. துடுப்புப் படகில் குடையை விரித்துப் பிடித்தோம், படகு மெல்ல நகர்ந்தது. குடை காற்றை மறிக்கிறது, காற்று குடையைத் தள்ளுகிறது, அவ்வளவுதான். ஆனால் காற்று பக்கவாட்டில் வரும்போதும், கிட்டத்தட்ட எதிரே வரும்போதும்கூடப் பாய்ப்படகு முன்னே போகும். அங்கேதான் எல்லோருக்கும் குழப்பம் வருகிறது.

அவன் கையில் பிளம்ஸ் இருந்தது. சாப்பிட்டு முடித்த ஈரக் கொட்டையைக் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து அழுத்தச் சொன்னேன். கொட்டை முன்னால் பாய்ந்து தண்ணீரில் விழுந்தது. விரல்கள் இரண்டும் பக்கவாட்டில்தான் அழுத்தின, முன்னால் யாரும் தள்ளவில்லை. பாய்ப்படகிலும் இரண்டு விரல்கள் உண்டு. ஒன்று பாய். காற்று அதன் வளைவைத் தழுவி ஓடும்போது, ஓடுகிற பஸ் ஜன்னலுக்கு வெளியே சாய்த்து நீட்டிய உள்ளங்கையைக் காற்று தூக்குகிறதே, அதே மாதிரி ஒரு விசை பிறக்கிறது. அந்த விசையில் பெரும்பகுதி படகைப் பக்கவாட்டில் தள்ளப் பார்க்கும். இன்னொரு விரல், படகின் அடியில் தண்ணீருக்குள் செங்குத்தாக இறங்கியிருக்கும் சென்டர்போர்டு என்ற பலகை. பக்கவாட்டில் நகர விடாமல் அது தண்ணீரைப் பிடித்துக்கொள்கிறது. இரண்டுக்கும் நடுவே மாட்டிக்கொண்ட படகுக்கு முன்னால் நழுவுவதைத் தவிர வேறு வழி இல்லை.

அப்படியும் காற்று வரும் திசைக்கு நேரே எந்தப் பாய்ப்படகாலும் போக முடியாது. காற்றுத் திசைக்கு இருபுறமும் ஏறக்குறைய 45 பாகை வரைக்கும் தடைப்பட்ட பகுதி. அதற்குள் மூக்கை நுழைத்தால் பாய் படபடவென்று அடித்துக்கொள்ளும், படகு நின்றுவிடும். பந்தயத்தில் சுற்றிவர வேண்டிய மிதவை காற்றுக்கு நேர் எதிரே இருந்தால்? மலைக்காரர்களுக்கு இதற்குப் பதில் தெரியும். ஊட்டிக்கு ஏறும் கல்லட்டிப் பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள். செங்குத்தாக ஏற முடியாத சரிவில் வண்டி சாய்வாக ஒரு பக்கம் போய், வளைந்து, மறுபக்கம் போய், மறுபடி வளைந்து ஏறுகிறது. பாய்ப்படகும் காற்றை அப்படித்தான் ஏறுகிறது. ஒவ்வொரு வளைவுக்கும் டேக் என்று பெயர். வளைவில் பஸ் வேகம் இழப்பது போலப் படகும் இழக்கும்.

ஒரு வித்தியாசம் உண்டு. சாலை போட்ட மலை அசையாது. காற்று அசையும். ஐந்து பாகை, பத்து பாகை என்று இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பிக்கொண்டே இருக்கும். மலையே கொஞ்சம் சுழன்று நீங்கள் போகிற சாலையைச் சுருக்கிக் கொடுத்தால் எப்படியிருக்கும்? அப்படிச் சாதகமாகத் திரும்பினால் அதற்கு லிஃப்ட் என்று பெயர். பாதகமாகத் திரும்பினால் ஹெடர். ஹெடர் வந்தால் வளைந்து மறுபக்கம் போவது நல்லது, ஏனென்றால் ஒரு பக்கத்துக்குப் பாதகமானது மறுபக்கத்துக்குச் சாதகம். சின்ன ஏரிப் பந்தயங்களில் ஜெயிப்பதும் தோற்பதும் பெரும்பாலும் இதைக் கவனித்தவர், கவனிக்காதவர் என்ற வேறுபாட்டில்தான்.

இனி க்ரூவின் வேலை. நான் போனது எண்டர்பிரைஸ் என்ற வகைப் படகில். 1956-இல் ஜாக் ஹோல்ட் வடிவமைத்தது, நான்கு மீட்டர் நீளம், நீலப் பாய்கள், இரண்டு பேர். இந்தியாவிலும் இந்த வகை நெடுநாளாகப் புழங்குகிறது. பின்னால் உட்காருபவர் ஹெல்ம்: சுக்கானும் பெரிய பாயின் கயிறும் அவர் கையில். முன்னால் உட்காருபவர் க்ரூ: முன்பாயின் கயிறுகள், நடுப்பலகை என்கிற அந்தச் சென்டர்போர்டு, அப்புறம் தன் உடம்பு.

முன்பாய்க்கு ஜிப் என்று பெயர். அதன் கயிற்றை ஷீட் என்கிறார்கள். கேட்டதும் துணி என்று நினைத்துவிடாதீர்கள், ஷீட் என்றால் கயிறு. நம் கடலோரத்தில் பாயின் கீழ்மூலைக் கயிற்றுக்குத் தாமான் என்று பெயர் உண்டு. படகின் முன்முனைக்கு அணியம். இந்தச் சொற்களை நான் இங்கிலாந்திலிருந்து திரும்பி வந்த பிறகுதான் தெரிந்துகொண்டேன். முதலிலேயே தெரிந்திருந்தால் பாதிப் பயம் போயிருக்கும்.

ஜிப்புக்கு இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று என்று இரண்டு கயிறு. ஒரு நேரத்தில் ஒன்றுதான் வேலை செய்யும். எவ்வளவு இழுப்பது என்பதைப் பாயிலேயே ஒட்டியிருக்கும் கம்பளி நூல்கள் சொல்லும். மன்னவனூர் ஆட்டுப் பண்ணைக்குப் போய்வந்தவர்கள் ஒரு துளி கம்பளியை விரலில் பிடித்துப் பார்த்திருப்பார்கள், மூச்சு பட்டாலே அசையும். பாயின் இருபக்கமும் அப்படி ஒவ்வொரு இழை. இரண்டும் பின்னோக்கி நேராக ஓடினால் பாய் சரியாக இருக்கிறது. காற்றடிக்கிற பக்கத்து இழை துள்ளினால் கயிற்றைக் கொஞ்சம் இழுக்க வேண்டும். காற்றுக்கு மறைவான பக்கத்து இழை தொங்கினாலோ சுழன்றாலோ கொஞ்சம் விட வேண்டும். புதியவர்கள் எல்லோரும் செய்யும் தப்பு, இறுக்கினால் வேகம் வரும் என்று நினைப்பது. இறுக்கிய பாய் பின்னால் காற்றைச் சிக்க வைத்துப் படகை அமுக்குகிறது. சந்தேகமாக இருந்தால் பாய் படபடக்கும் வரை விட்டு, படபடப்பு நிற்கும் வரை மட்டும் இழுங்கள்.

டேக் எடுக்கும்போதுதான் க்ரூ சரியான ஆளா என்று தெரியும். ஹெல்ம் "தயாரா?" என்பார். க்ரூ சுற்றிலும் பார்த்து, கையிலிருக்கும் கயிறு சிக்கில்லாமல் இருக்கிறதா என்று பார்த்து, "தயார்" என்று சொன்ன பிறகுதான் அவர் சுக்கானைத் திருப்புவார். அணியம் காற்றைக் கடக்கும் நேரம் பழைய கயிற்றை விட்டு, குனிந்து, பூம் என்ற கிடைக்கட்டைக்கு அடியில் நுழைந்து மறுபக்கம் போய், போகிற போக்கிலேயே புதுக் கயிற்றை இழுத்துக்கொண்டு உட்கார வேண்டும். எல்லாம் மூன்று நான்கு நொடி. ஆஸ்பத்திரியில் எழுந்திருக்க முடியாத நோயாளியை இரண்டு நர்ஸ்கள் புரட்டிப் படுக்க வைப்போம். ஒருவர் எண்ணுவார், மூன்று என்றதும் இருவரும் ஒரே நேரத்தில் அசைவோம். ஒருவர் அரை நொடி முந்தினால் நோயாளிக்கு வலிக்கும். டேக்கும் அப்படிப்பட்டதுதான். பலத்துக்கு அங்கே வேலை குறைவு. இரண்டு உடம்பு ஒரே மூச்சில் அசைகிறதா என்பதுதான் விஷயம்.

முதல் வாரம் நான் கயிற்றை வழுக்கக் கூடாதென்று உள்ளங்கையில் இரண்டு சுற்றுச் சுற்றி வைத்திருந்தேன். பலத்த காற்று ஒன்று வந்தது. ஹெல்ம் "விடு, விடு" என்று கத்தினார். கயிறு கையை இறுக்கிக்கொண்டது, விட முடியவில்லை. படகு கவிழ்ந்தது. நான்கு நாள் கை வீங்கியிருந்தது. கயிற்றைக் கையில் சுற்றாதீர்கள். அக்கா மகனிடம் இதை மூன்று முறை சொன்னேன், இங்கேயும் சொல்கிறேன்: சுற்றாதீர்கள்.

அடுத்தது எடை. நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோது அவன் போட்டோ எடுக்க எழுந்து நின்றான். படகு ஒரு பக்கம் சாய்ந்தது, பயந்து உட்கார்ந்துவிட்டான். "இப்ப என்ன நடந்துச்சு?" என்று கேட்டேன். "நான் நின்னேன், படகு ஆடுச்சு." அதுதான் பாடம். நான் போன எண்டர்பிரைஸ் படகுக்கூட்டின் எடை நூறு கிலோவுக்குள். அதில் உட்காரும் இரண்டு பேர் சேர்ந்தால் 130 கிலோ. அதாவது படகைவிட ஆட்கள் கனம். துடுப்புப் படகில் உடம்பு சும்மா சவாரி செய்கிறது. பாய்ப்படகில் அது ஒரு உறுப்பு.

காற்று பாயை அழுத்தும்போது படகு மறைவுப் பக்கம் சாயும். சாய்ந்த படகு மெதுவாகப் போகும், பக்கவாட்டில் நழுவும், சுக்கானும் கனக்கும். ஆகவே பாதங்களைப் படகின் உள்ளே கட்டியிருக்கும் பட்டைக்கு அடியில் மாட்டிக்கொண்டு, காற்றுப் பக்கத்து விளிம்புக்கு வெளியே முதுகைச் சாய்த்துத் தொங்க வேண்டும். வயிறும் தொடையும் எரியும். நம் நாட்டில் இதைப் பார்க்க வேண்டுமானால் ராமநாதபுரம் கடற்கரைக்குப் போகலாம். தொண்டி, நம்புதாளைப் பக்கம் திருவிழாக் காலங்களில் நடக்கும் பாய்மரப் படகுப் போட்டிகளில், பலகையை வெளியே நீட்டி அதன்மேல் ஆட்கள் போய் நின்று படகைச் சமன் செய்வார்கள். காற்று கூடினால் வெளியே, குறைந்தால் உள்ளே. எந்தக் கிளப்பிலும் சேராமல், எந்தப் புத்தகமும் படிக்காமல் தலைமுறை தலைமுறையாகக் கற்ற வித்தை அது. அவர்களைப் பார்த்துவிட்டு வந்தால் க்ரூவின் வேலை என்னவென்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

மென்காற்றில் எல்லாம் தலைகீழ். அப்போது க்ரூ மறைவுப் பக்கம் போய் உட்கார்ந்து படகை வேண்டுமென்றே லேசாகச் சாய்க்க வேண்டும். துவண்டு கிடக்கும் பாய் தன் எடையால் வளைவுக்கு வந்துவிடும், தண்ணீரில் உரசும் அடிப்பரப்பும் குறையும். முக்கியமாக, அசையக் கூடாது. தூங்கும் குழந்தைக்குப் பக்கத்திலிருந்து எழுந்து போவது போலத்தான் ஒவ்வொரு அசைவும். இருமினால்கூடப் பாயில் தெரியும். சாயங்காலப் பந்தயங்களில் பாதி நேரம் இந்த மென்காற்றுதான். அதனால் தசை உள்ளவரைவிட நிதானம் உள்ளவர் நல்ல க்ரூ ஆகிறார்.

எனக்கு மிகவும் பிடித்த வேலை பார்ப்பது. ஹெல்முக்கு ஜிப்பின் கம்பளி இழையிலிருந்து கண்ணை எடுக்க நேரம் கிடையாது. ஊரைப் பார்க்க வேண்டியவர் க்ரூ. நமது ஏரியில் காற்று வரும்போது கவனித்திருக்கிறீர்களா? தண்ணீர் ஒரு திட்டாகக் கறுக்கும். சிறு அலைகள் வானத்தை நம் பக்கம் பிரதிபலிக்காமல் சிதறடிப்பதால் அந்தக் கறுப்பு. அது நகரும் திசைதான் காற்றின் திசை. வரும் வேகத்தைப் பார்த்து எத்தனை நொடியில் நம்மைத் தொடும் என்று கணிக்கலாம். "இடது முன்னால் கறுப்பு, பத்து நொடி." இப்படிச் சொன்னால் ஹெல்ம் தயாராக இருப்பார், இருவரும் ஒன்றாக வெளியே சாய்வார்கள், மற்றப் படகு தடுமாறும் இடத்தில் நம் படகு பாயும்.

எப்படிச் சொல்வது என்பதும் பழக வேண்டியது. வார்டில் ஷிஃப்ட் மாறும்போது அடுத்த நர்ஸிடம் நோயாளியைப் பற்றிச் சொல்வோமே, அதே முறை: என்ன, எங்கே, எவ்வளவு கிட்டத்தில். அபிப்பிராயம் வேண்டாம். "ஐயோ அந்தப் படகு வருது" என்பது தகவல் ஆகாது. "வலது பக்கம் ஒரு படகு, மூணு படகு நீளம், மோதுற பாதை" என்பது தகவல். என்ன செய்வது என்று ஹெல்ம் முடிவு செய்வார். நான் போன ஹெல்ம் எழுபது வயதைக் கடந்த, ஓய்வுபெற்ற தபால்காரர். இரண்டாவது கோடையில் ஒருநாள், "நீ பேசுவதை நிறுத்தினால் எனக்குக் கண் தெரியாமல் போகிறது" என்றார். அதைவிடப் பெரிய பாராட்டு அந்த ஊரில் எனக்குக் கிடைக்கவில்லை.

பந்தய விதிகள் ஒரு புத்தகமாகவே உண்டு. உலகப் பாய்ப்படகு அமைப்பு நான்கு வருடத்துக்கு ஒருமுறை திருத்தி வெளியிடுகிறது, இப்போது நடப்பது 2025 முதல் 2028 வரைக்கானது. முதல் நாளுக்கு மூன்று விதி போதும். காற்றை வலப்பக்கத்தில் வாங்கும் படகுக்கு முன்னுரிமை, இடப்பக்கத்தில் வாங்குவது விலக வேண்டும். இரண்டும் ஒரே பக்கத்தில் வாங்கி, ஒன்றை ஒட்டி ஒன்று போனால், காற்று வரும் பக்கம் இருப்பது விலக வேண்டும். பின்னால் வருவது முன்னால் போவதை இடிக்கக் கூடாது. ஜிப்புக்கு மறைவில் இருக்கும் படகு ஹெல்மின் கண்ணில் படாது, ஆகவே குனிந்து பார்த்துச் சொல்வது க்ரூவின் பொறுப்பு.

தண்ணீரில் நடுவர் விசில் அடிக்க மாட்டார். விதி மீறினால் தானாகவே விலகிப் போய் இரண்டு வட்டம் அடித்துவிட்டுத் தொடர வேண்டும். மிதவையை உரசினால் ஒரு வட்டம். யாரும் பார்க்காவிட்டாலும் அடிக்க வேண்டும். அந்த வழக்கம் எனக்குப் பிடித்திருந்தது.

தொடக்கம் வேறு விளையாட்டுகளில் இல்லாத விதமானது. படகை ஒரு கோட்டில் நிறுத்திவைக்க முடியாது, அதனால் எல்லாப் படகும் கோட்டுக்குப் பின்னால் சுற்றிக்கொண்டே இருக்கும். ஐந்து நிமிடம் இருக்கும்போது ஒரு கொடி ஏறி ஒலி கேட்கும். நான்கு நிமிடத்தில் இன்னொரு கொடி. ஒரு நிமிடத்தில் அந்த இரண்டாவது கொடி இறங்கும். பூஜ்யத்தில் முதல் கொடியும் இறங்கும், பந்தயம் தொடங்கிவிட்டது. க்ரூ கைக்கடிகாரத்தைப் பார்த்து உரக்க எண்ண வேண்டும். கொடியைப் பார்த்துக் கடிகாரத்தை அழுத்துங்கள், ஒலியைக் கேட்டு அல்ல, ஒலி தாமதமாக வரும். முந்திக் கோட்டைத் தாண்டியவர் திரும்பி வந்து மறுபடி தொடங்க வேண்டும்.

இனி சாயங்காலம் என்ற விஷயம். இங்கிலாந்தில் ஜூன் மாதம் இரவு ஒன்பது மணிக்கு மேல்தான் சூரியன் மறையும். வேலை முடிந்து ஆறரைக்கு வந்து, ஏழு மணிக்குத் தொடங்கி, ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டு, வெளிச்சம் இருக்கும்போதே படகைக் கட்டிவிடலாம். வார நடுவே நடப்பதால் பரிசுப் பதற்றம் குறைவு, வழக்கமான க்ரூ வராமல் போவதும் சகஜம். புதியவர் ஒருவர் கரையில் நின்றால் யாராவது கூப்பிடுவார்கள். உள்ளே நுழைய அதுதான் நல்ல கதவு. தமிழ்நாட்டில் வருடத்தின் எந்த நாளிலும் ஏழு மணி வாக்கில் இருட்டிவிடும். அதனால் அதே மாதிரிப் பந்தயம் இங்கே மதியமோ பிற்பகலோதான் தொடங்க முடியும்.

மலை ஏரியில் சாயங்காலக் காற்று தனிக் குணம் உள்ளது. பகலில் வெயில் பட்டு மலைச்சரிவு சூடாகும், சரிவை ஒட்டிய காற்று மேலேறும். பிற்பகலில் சமவெளிப் பக்கமிருந்து மஞ்சு ஏறி வந்து கோக்கர்ஸ் வாக்கை மூடுவதற்கு இதுவும் ஒரு காரணம். வெயில் இறங்கியதும் சரிவு குளிர்ந்து, கனத்த குளிர்காற்று பள்ளத்தை நோக்கி வழியும். டிசம்பர், ஜனவரியில் உறைபனி ஏரியோரப் பள்ளங்களில் முதலில் வெள்ளையடிப்பது இதனால்தான். ஏறும் காற்று நின்று இறங்கும் காற்று தொடங்குவதற்கு இடையே ஒரு வெறுமை உண்டு. தண்ணீர் கண்ணாடி ஆகிவிடும். கரையோர மரங்களும் காற்றை மறிக்கும், மரத்தின் உயரத்தைப் போலப் பல மடங்கு தூரத்துக்கு அந்த நிழல் தண்ணீரில் நீளும். இங்கே ஏரிக்கரையில் வளர்ந்தவன் இதையெல்லாம் பார்த்தே வளர்ந்திருக்கிறான், பெயர் மட்டும்தான் தெரியாது.

நான் போன நீர்த்தேக்கத்தைச் சுற்றியும் குன்றுகள். எட்டு மணி வாக்கில் காற்று செத்துவிடும். பந்தயத்தை வழியிலேயே முடிக்க வேண்டி வந்தால், எஸ் எழுத்துக்கான கொடியை ஏற்றி இரண்டு முறை ஒலி எழுப்புவார்கள். அதையும் முதலில் பார்க்க வேண்டியவர் க்ரூதான். சென்னையில் கதை வேறு. வெயில் காலத்தில் நிலம் சூடேறி, மதியத்தை ஒட்டிக் கடற்காற்று உள்ளே வரும். மலைக்காற்றைப் போல நொடிக்கொரு திசையாகத் திரும்பாமல் அது நிலையாக வீசும். அங்கே பையனுக்குக் கறுப்புத் திட்டு பார்க்கும் வேலை குறையும், வெளியே தொங்கும் வேலை கூடும்.

வேறு வேறு வகைப் படகுகள் சேர்ந்து ஓடினால் முதலில் வந்தவர் ஜெயித்தவர் ஆக வேண்டியதில்லை. ஒவ்வொரு வகைக்கும் போர்ட்ஸ்மத் எண் என்று ஒன்று உண்டு. எடுத்த நேரத்தை ஆயிரத்தால் பெருக்கி அந்த எண்ணால் வகுப்பார்கள். எண் 1000 உள்ள படகு 50 நிமிடத்தில் வந்தால் 50தான். எண் 1200 உள்ள படகு 58 நிமிடத்தில் வந்தாலும் கணக்கில் 48 நிமிடம் 20 நொடி, வெற்றி அதற்கு. ஆகவே கடைசியாக மிதக்கிறோமே என்று சோர்ந்து கயிற்றை விட்டுவிடாதீர்கள்.

கவிழ்வதைப் பற்றி அவன் கேட்கவில்லை, அக்கா கேட்டாள். சின்னப் படகுகள் கவிழத்தான் செய்யும். மிதவைச் சட்டை போட்டிருக்க வேண்டும், படகை விட்டு நீந்திப் போகக் கூடாது. ஹெல்ம் படகின் அடிப்பக்கம் சுற்றிப்போய் நடுப்பலகையின் மேல் ஏறி நிற்பார். க்ரூ உட்பக்கம் தண்ணீரில் மிதந்தபடி, ஜிப் கயிற்றின் நுனியை மேலே தூக்கி அவரிடம் போட்டுவிட்டு, படகை ஒட்டிக் கிடக்க வேண்டும். படகு நிமிரும்போது க்ரூவையும் அள்ளிக்கொண்டு நிமிரும். முதல் பந்தயத்துக்கு முன் கரையோரம் ஒருமுறை வேண்டுமென்றே கவிழ்த்துப் பழகச் சொல்லிக் கேளுங்கள். கேட்பதில் வெட்கம் ஒன்றுமில்லை.

அவன் போகப்போகும் சென்னைத் துறைமுகத்துக்குள் ராயல் மெட்ராஸ் யாட் கிளப் 1911-இலிருந்து இருக்கிறது. அந்த ஊரிலிருந்து வந்த வருண் தாக்கரும் கே.சி.கணபதியும் 49er என்ற இருவர் படகில் 2018 ஆசிய விளையாட்டில் வெண்கலம் வாங்கினார்கள், டோக்கியோ ஒலிம்பிக்குக்கும் போனார்கள். பதக்கத்தை இருவர் கழுத்திலும்தான் போட்டார்கள்.

முதல் நாள் போகும்போது ஒரு மணி நேரம் முன்னதாகப் போக வேண்டும். பாய் கட்டும்போது கூட நின்றால் எந்தக் கயிறு எங்கே போகிறது என்று தெரிந்துவிடும். விரல் மூடிய செருப்பு, கையுறை, தொப்பி, தண்ணீர். எடை எவ்வளவு என்று கேட்பார்கள், அது மரியாதைக் குறைவான கேள்வி இல்லை, உள்ளதைச் சொல்ல வேண்டும். புதியவன் என்பதையும் நீச்சல் எவ்வளவு தெரியும் என்பதையும் மறைக்கக் கூடாது. முடிந்ததும் உடனே கிளம்பாமல் படகை நல்ல தண்ணீரில் கழுவ உதவ வேண்டும், உப்பு கப்பிகளைத் தின்றுவிடும். பாயை உலர்த்தி மடித்து வைத்த பிறகுதான் க்ரூவின் வேலை முடிகிறது. இப்படி இருந்தால் அடுத்த வாரமும் கூப்பிடுவார்கள்.

துடுப்புப் படகின் நேரம் முடிய இன்னும் கால் மணி இருந்தது. பேசாமல் உட்கார்ந்திருந்தோம். பையன் திரும்பி பிரையண்ட் பூங்காப் பக்கத்துத் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தான். "சித்தி, வலது பக்கம் கறுப்பு. எட்டு நொடி" என்றான். நான் எண்ணினேன். ஆறில் வந்து குடையைத் தொட்டது. நாளைக்கும் வருவோம் என்றேன்.